டேப்பட் சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பராமரிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டு வரிகள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. "டேப்பட் சத்தம் கேட்டால் உடனே இறுக்கிச் சத்தத்தை நிறுத்துங்கள்" என்பது ஒன்று. "ஈயம் கலக்காத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வால்வை எரித்துவிடும், டேங்கில் கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றினால் போதும்" என்பது இன்னொன்று. வண்டி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சிலிண்டரைத் திறந்து மூடும் மூடிதான் வால்வு; கலவையை உள்ளே விடுவது இன்டேக், எரிந்த புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட். வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளிதான் டேப்பட் இடைவெளி, அங்கிருந்து வருவதுதான் டேப்பட் சத்தம். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, மீதி ஊர்ப்பேச்சு. முதலாவது முழுக்கத் தப்பு. அந்தத் தப்பை நானே செய்து, நல்ல வால்வு ஒன்றைப் பறிகொடுத்தவள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. 34 வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊர் பள்ளத்தூர். வீட்டில் இருப்பது அப்பச்சி 1968-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் டூ. பினாங்கிலிருந்து திரும்பியதும் பதிவு செய்து, எப்போது வரும் எப்போது வரும் என்று காத்திருந்து எடுத்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து வங்காளத்தில் உத்தரபாராவில் செய்தது. 1489 சி.சி. இன்ஜின், நாலு சிலிண்டர், எட்டு வால்வு. 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோன செய்தி வந்த அன்று, சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் போன் செய்து துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார். எங்கள் வீட்டில் அந்த வண்டிக்கு அவ்வளவு மரியாதை.

அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்தபோது, இந்த வண்டியில்தான் போவது என்று முடிவானது. நல்ல கத்திரி வெயில். நான், தங்கை, தங்கை வீட்டுக்காரர், தம்பி மகன், அவன் மனைவி, குழந்தை. டிக்கி நிறையத் தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை டின்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வண்டியை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். எப்போதும் பார்க்கிற காரைக்குடி பாய் அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார். புதுப் பட்டறைக்காரர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். "இந்த டக்டக் சத்தத்தை நிறுத்த முடியுமா?" என்று கேட்டதே நான்தான். அவர் நிறுத்திக் கொடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. "புது வண்டி கணக்கா இருக்கே அத்தை" என்றான் தம்பி மகன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதுக்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. தஞ்சாவூர் வரையிலும் சமாளித்தது. நல்ல சாலை கிடைத்ததும் பையன் எண்பதுக்குக் குறையாமல் விரட்டிக்கொண்டு வந்தான். பாபநாசம் தாண்டியதும் இழுவை குறைந்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது வண்டி முழுக்க நடுங்கியது. சைலன்சரில் ஒரே சீராக வராமல், மூன்று முறை வந்து நாலாவது விட்டுப்போகிற மாதிரி ஒரு 'பட்... பட்'. கும்பகோணத்தில் ஓரங்கட்டிவிட்டு வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருந்தது.

அப்புறம் நடந்த கூத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். வண்டியை இழுத்துப்போன இடத்தில் பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். கடைசியில் "பெட்ரோல் சரியில்லை மேடம்" என்றார்கள். பணம் போனது, நடுக்கம் போகவில்லை. பாய் ஊருக்குத் திரும்பி வந்துதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "டீச்சர், கையில ஏதாவது பேப்பர் இருக்கா?" என்றார். பையில் அண்ணனின் மணிவிழா அழைப்பிதழ்தான் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி அதைப் பிடித்தார். நல்ல இன்ஜின் என்றால் புகை காகிதத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே தள்ளித் தள்ளி, நடுநடுவே காகிதம் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை, அந்த சிலிண்டர் காற்றைச் சைலன்சர் வழியாகவே உறிஞ்சுகிறது என்று அர்த்தம். செலவில்லாத சோதனை. 34 வருஷம் அழுத்த வேறுபாடு நடத்திய எனக்கு இது தோன்றவில்லை என்பதில் இன்றைக்கும் வெட்கம்தான்.

பிறகு சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். மற்ற மூன்று சிலிண்டர்களும் 120 பக்கம் காட்டின, மூன்றாவது சிலிண்டர் 40-ஐத் தாண்டவில்லை. பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தார், முள் ஏறவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு கொஞ்சமாவது ஏறியிருக்கும். ஏறாததால் குறை மேலே வால்வில். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியபோது அந்த எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில், யாரோ முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு பிறை அளவு காணோம்.

கழற்றுவதற்கு முன்பே அந்த வால்வின் டேப்பட் இடைவெளியை அவர் அளந்திருந்தார். இடுக்கை அளக்கும் தகட்டுக் கட்டான ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. எங்கள் வண்டியின் கையேட்டில் 15 தவு (அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் 15 பங்கு) என்று போட்டிருக்கிறது, அதாவது 0.38 மில்லிமீட்டர். சத்தத்தை நிறுத்த இறுக்கியபோது அது ஏழோ எட்டோ ஆகியிருக்கும். இன்ஜின் சூடேறி வால்வுத் தண்டு நீண்டதும் மிச்சமும் போய்விட்டது. "டேப்பட் லேசாப் பேசணும் டீச்சர். வாய மூடிருச்சுன்னா உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்" என்றார் பாய்.

ஏன் என்று வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கரண்டியை ஈரத்துணி மேல் வைத்தால் சுர்ரென்று சூடு இறங்கும். காற்றில் பிடித்துக்கொண்டே நின்றால் இறங்காது. எக்ஸாஸ்ட் வால்வின் நிலைமையும் இதுதான். எரிந்து முடிந்த வாயு அதன் கழுத்தைச் சுற்றித்தான் வெளியேறுகிறது. அந்த உலோகம் 700 டிகிரிக்கு மேலும் சூடேறும். சூடு இறங்க வழி இரண்டு. ஒன்று, வால்வு மூடி, அதன் விளிம்பு பொருந்தும் வளையமான சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம். சீட்டுக்குப் பின்னால் ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிற ஹெட் இருப்பதால் அங்கேதான் ஏறக்குறைய முக்கால்வாசிச் சூடு இறங்குகிறது. மீதி தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழலான கைடுக்குப் போகிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு வால்வு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த ஒவ்வொரு மூடலும் ஈரத்துணிதான். இடைவெளி இல்லையென்றால் வால்வு சீட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சூடு இறங்காது. போதாததற்கு, வெடிக்கும்போது உண்டாகும் நெருப்பு அந்த இடுக்கு வழியாகப் பீறிட்டு, கேஸ் கட்டர் இரும்பை அறுக்கிற மாதிரி விளிம்பை அறுத்துவிடும்.

இடைவெளி கூடிப்போனால் என்ன? சத்தம் வரும், கொஞ்சம் இழுவை குறையும், ரொம்பக் கூடினால் ராக்கர் தேயும். அதுவும் நல்லதில்லை. ஆனால் இரண்டு தவு கூடுதலாக வைத்ததால் யாருடைய வால்வும் எரிந்து நான் கேள்விப்படவில்லை. இரண்டில் ஒரு தப்பு செய்துதான் ஆக வேண்டும் என்றால் சத்தம் போடுகிற தப்பைச் செய்யுங்கள்.

இனி ஈயத்துக்கு வருகிறேன். பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் கலக்கும் யோசனை 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது. பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்கத்தான் அதைக் கலந்தார்கள். கூடவே கேட்காமலே ஒரு உபகாரம் கிடைத்தது. எரிந்த ஈயத்தின் உப்புகள் வால்வு சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் சீட்டும் உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் காத்தன. எங்கள் வண்டி மாதிரி வார்ப்பிரும்பு ஹெட்டில் தனியாகச் சீட் வளையம் கிடையாது, ஹெட்டிலேயே சரிவு வெட்டியிருப்பார்கள். படலம் இல்லாவிட்டால், கடும் சூட்டில் வால்வும் அந்த இரும்பும் துளித்துளியாகப் பற்றிக்கொள்ளும், அடுத்த நொடி பிய்த்துக்கொள்ளும். பிய்ந்த துகள்கள் வால்வு முகத்தில் ஒட்டி, எமரித்தாள் மாதிரி சீட்டைத் தேய்க்கும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் அமிழும். அமிழ்ந்தால் தண்டின் நுனி மேலே ஏறும். மேலே ஏறினால்? டேப்பட் இடைவெளி குறையும். சத்தமும் தானாகக் குறையும். ஸ்பானரைத் தொடாமலே, நான் காசு கொடுத்துச் செய்த அதே தப்பு தானாக நடந்துவிடும்.

அதனால்தான் உங்கள் கட்டுரையின் இரண்டாவது வரி பாதி உண்மை என்றேன். பாதிதான். ஏனென்றால் இந்தியாவில் பெருநகரங்களில் 1995-லேயே ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுதான். எங்கள் வண்டி அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதே ஹெட்டோடு ஓடியது. பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான், காரைக்குடி, மிஞ்சிப்போனால் பிள்ளையார்பட்டி. ஐம்பதைத் தாண்டாது. இந்த மாதிரி மெதுவான ஓட்டத்தில் சீட் தேய்வது மிகக் குறைவு. வேகமும் பாரமும் தொடர்ந்து ஏறும்போதுதான் தேய்மானம் தலைதூக்கும். திருக்கடையூர்ப் பயணத்தில் இரண்டும் சேர்ந்தது, இறுக்கிய டேப்பட்டும் சேர்ந்தது.

ஈயம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிற நஞ்சு அது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. என் வால்வுக்காக அது திரும்பி வர வேண்டும் என்று எந்த ஆசிரியையும் சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக விற்கிற சேர்மானங்கள் இருக்கின்றன. பொட்டாசியம், மாங்கனீஸ் போன்றவை கலந்தவை. அளவு தவறாமல், ஒரே வகையைத் தொடர்ந்து ஊற்றினால் உதவும். 2டி ஆயில் அந்த வேலையைச் செய்யாது. ஸ்கூட்டர் பிஸ்டனுக்கு மசகாக இருக்கச் செய்த எண்ணெய் அது. நம் வண்டியில் ஊற்றினால் கரி சேரும். கரித்துணுக்கு ஒன்று சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டினால், மறுபடி மூடாத வால்வு, மறுபடி பிறை.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒரு ஃபீலர் கேஜ், ஒரு நோட்டு. எங்கள் பக்கத்தில் கணக்கு எழுதத் தெரியாத வீடு கிடையாது, கொண்டுவிற்க, அதாவது வெளிதேசத்தில் வியாபாரம் செய்ய, போன இடத்திலெல்லாம் பேரேடு எழுதியவர்கள் நாங்கள். வால்வுக்கும் ஒரு பேரேடு போடுங்கள் என்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்த்தால் போதும். முக்கியம் என்னவென்றால், திருகுவதற்கு முன்னால் இருந்த அளவை எழுத வேண்டும். எல்லாப் பட்டறையிலும் திருகிய பிறகு "15 வெச்சாச்சு" என்பார்கள். அது எனக்கு வேண்டாம். திருகும் முன் எத்தனை இருந்தது? என் நோட்டில் போன தை மாதக் கணக்கு: எக்ஸாஸ்ட் நாலும் 15, 15, 14, 15. அதற்கு முந்தியதும் ஏறக்குறைய அப்படியே. ஒரு வால்வு மட்டும் ஒவ்வொரு முறையும் 13, 12 என்று இறங்கிக்கொண்டே வந்தால் அதன் சீட் தேய்கிறது. வண்டி நடுங்குவதற்குப் பல மாதம் முன்பே நோட்டு சொல்லிவிடும்.

எட்டு வால்வில் எது எப்போது தளர்வாக நிற்கும் என்று குழம்ப வேண்டாம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது முழுக்க அழுந்தித் திறந்திருக்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் 9 வரும். பாய் இதைச் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. எக்ஸாஸ்ட் எவை என்றால் 1, 4, 5, 8. இதில் 4, 5 இரண்டின் மேல் கூடுதல் கண் வையுங்கள். இந்த இன்ஜினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் புகைக்கு நடுவில் ஒரே வழிதான் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு அடுப்பின் புகையும் ஒரே வழியில் போவதால் சூடு அங்கேதான் அதிகம். என் வால்வு போனதும் அங்கேதான். அளவு சூட்டில் பார்ப்பதா, ஆறியபின் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். ஹெட் கழற்றி மாட்டினால் சில நூறு கிலோமீட்டர் கழித்து நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், முறுக்கினால் டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஹெட் எப்படியும் வெளியே வந்துவிட்டதால் எக்ஸாஸ்ட் நாலுக்கும் கெட்டிச் சீட் ரிங் போட்டோம். இன்டேக் பக்கம் குளிர்ந்த கலவை வந்துகொண்டே இருப்பதால் அங்கே தேவையில்லை. ரிங் இறுகி உட்கார வேண்டும் என்றால் ஹெட்டைச் சூடாக்கி, ரிங்கைக் குளிரவைத்து இறக்க வேண்டும். வெப்ப விரிவு, பத்தாம் வகுப்புப் பாடம்! நாலு ரிங்கும் இரண்டு நாள் எங்கள் வீட்டு ஃப்ரீசரில், தேங்காய்த் துருவல் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஐஸ் கட்டியோடு ஃபிளாஸ்கில் போட்டு நானே காரைக்குடி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரத் தம்பி சிரித்தார், ஆனால் ரிங் ஒரே தட்டில் உட்கார்ந்தது. ரிங், வால்வு, கைடு, கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். இதைப் படித்துவிட்டு ஓடுகிற வண்டியின் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். கழற்ற வேண்டிய நாள் வரும்போது செய்தால் போதும். வெட்டுகிறவர் கை தெரிந்தவராக இருக்க வேண்டும், ஆழம் தவறினால் தண்ணீர் அறை துளையாகிவிடும். பழைய வால்வைத் திரும்பத் திரும்பக் கிரைண்ட் செய்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விளிம்பு கத்தி முனை மாதிரி மெலிந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். மெலிந்த இடம்தான் முதலில் பழுத்துச் சிவக்கும்.

வால்வைச் சுட வைக்கும் மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டெல்கோவில், தொட்டு விலகி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயின்ட்டின் கால் தேயத் தேய இடைவெளி குறையும், ஸ்பார்க் தாமதமாகும். தாமதமாகப் பற்றினால் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும். அதனால் டேப்பட் பார்க்கிற அன்றைக்கே பாயின்ட்டையும் பாருங்கள். அதுவும் எங்கள் வண்டிக்கு 15 தவுதான், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, சூடு ஏறும். இன்ஜினை ஓடவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், ஓட்டம் மாறினால் அங்கேதான் கசிவு.

20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் வந்தது, இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புதுக் கார்களில் கணினி அளவைத் திருத்திக்கொள்ளும். நம் கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் துளை மாறாது. அதனால் கலவை சற்று மெலியும். நிறைய பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்த வண்டிக்கு இதனால் கெடுதல் இல்லை, சரியான அளவுக்கு வந்துகூட நிற்கலாம். ஏற்கெனவே மெலிந்து ஓடுகிற வண்டிக்குத்தான் ஆபத்து. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நிறம் காப்பிப்பொடி மாதிரி இருந்தால் சரி. வெளுத்து வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டில் ஒரு அளவு பெரியது போடச் சொல்லுங்கள். எத்தனாலின் நிஜமான சேட்டை ரப்பரில்தான். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாவற்றையும் நான் மாற்றிவிட்டேன். ஆனால் எரிந்த வால்வுக்கெல்லாம் எத்தனாலைக் கைகாட்டுவது, எனக்கு நடந்த மாதிரி, டேப்பட்டைப் பார்க்காத பட்டறைக்கு நல்ல சாக்காகப் போய்விடும்.

தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே படிவு ஹெட்டுக்குள், சீட்டைச் சுற்றியும் படியும். படிந்தால் ஈரத்துணிக்கும் கரண்டிக்கும் நடுவில் கம்பளி விரித்த கணக்குதான். அப்பச்சி காலத்தில் மழை பெய்தால் வளவு வாசலில் கிடாரம் வைத்து முற்றத்துத் தண்ணீரைப் பிடிப்போம். குடிக்கப் போக மீதி காருக்கு. "காருக்கு மழைத்தண்ணி, ஆளுக்கு ஊருணித்தண்ணியா?" என்று ஆத்தா முணுமுணுக்கும். நான் இப்போது காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுகிறேன். வசதி இல்லாதவர்களுக்கு ஓட்டு வீட்டு மழைத்தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்தது, இன்றைக்கும் குழாய்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது, அதை எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை. இங்கே கார்கள் ஓடி ஓடிக் கெடுவதில்லை, நின்று நின்றுதான் கெடுகின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும். வீடு பூட்டிக் கிடக்கும், கொட்டகையில் கார் கிடக்கும், கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வருஷத்தில் இரண்டு நாள் வெளியே வரும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார், விசுவாசமாகத்தான் செய்கிறார். ஆனால் அது வால்வுக்கு நல்லதில்லை. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமலே அணைவதால் உள்ளே நீராவி குளிர்ந்து தங்கும், கரி சேரும். கார் நிற்கும்போது ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடிதான் நிற்கும், சைலன்சர் வழியே ஈரக்காற்று ஏறி அந்தச் சீட்டில் துருப் புள்ளி விழும். அப்படிப் புள்ளி விழுந்த சீட்டோடு திருவிழாவன்று நேராக எண்பதில் விரட்டினால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். பிளக் துளைகளில் ஒரு கரண்டி ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டு நாலு சுற்று சுற்றி, சைலன்சர் வாயை பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். கட்டியிருப்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் தொங்கவிடுங்கள். என் தம்பி மகன் ஒரு முறை பையோடு ஸ்டார்ட் செய்துவிட்டு, வெடிகுண்டு என்று ஓடினான்.

நான் அம்பாசிடர்க்காரி, அதனால் அதைப் பற்றியே பேசிவிட்டேன். வண்டலூர்ப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டித் தந்த ஆஸ்டின் ஏ40 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அவையும் வார்ப்பிரும்பு ஹெட். பழைய பியட், பத்மினிக்காரர்களுக்கு ஈயத்தைப் பற்றிய கவலை குறைவு. அவற்றின் ஹெட் அலுமினியம் என்பதால் சீட் வளையம் பிறப்பிலேயே உண்டு. டேப்பட் விஷயத்தில் அவர்களுக்கும் சலுகை கிடையாது.

ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் பூட்டிக் கிடக்கும் வண்டிகள் எல்லாம் வெளியே வரும், பட்டறைக்குப் போகும், உங்கள் கட்டுரையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டே சிலர் போவார்கள். அதற்குள், "டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை நிறுத்துங்கள்" என்ற வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். இடப் பற்றாக்குறை என்றால் இந்தக் கடிதத்தில் தேன்குழல், ஃப்ரீசர், அண்ணன் கல்யாணம் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.